கோழையின் பாடல்கள்: அச்சத்தில் பிறந்த கவிதை பற்றிய ஒரு திறனாய்வு

சொல்லையே பணியாகக் கொண்ட ஒருவர் இனிச் சொல்லேன் என்று அறிவிப்பாராயின், அதனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? துறவு என்பதா, தோல்வி என்பதா, வெறும் அச்சம் என்பதா? 2015 ஜனவரியில் நாமக்கல்லில் வாழ்ந்த பெருமாள்முருகன், எழுத்தாளனாகிய தாம் இறந்துவிட்டதாக அறிவித்தபொழுது எழுந்த வினா இது. அவ்வினாவுக்கு அவரே தந்த விடையாக 2016இல் வெளிவந்தது ‘கோழையின் பாடல்கள்’ என்னும் கவிதைத் தொகுப்பு. நாவலாசிரியராகவே பெரிதும் அறியப்பட்ட அவருடைய இந்நூலைக் கவிதை நூலாகவே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1966இல் திருச்செங்கோட்டுப் பகுதியில் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் பெருமாள்முருகன். தந்தையார் திரையரங்கில் சோடாக் கடை நடத்தியவர். வீட்டில் நூல்கள் நிறைந்திருந்த பின்னணி அவருக்கு இல்லை. கல்வியின் வழியாகவே இலக்கியத்தை அடைந்தார். தமிழ் பயின்று, ஆர். சண்முகசுந்தரத்தின் நாவல்களை ஆய்வு செய்து, அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் பயிற்றும் பணியை மேற்கொண்டார். ‘நிகழ் உறவு’, ‘கோமுகி நதிக்கரைக் கூழாங்கல்’, ‘நீர் மிதக்கும் கண்கள்’ முதலிய கவிதைத் தொகுப்புகளை வெளியிட்டார். 2000இல் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யை உருவாக்கினார். கு. ப. ராஜகோபாலனின் சிறுகதைகளைப் பதிப்பித்தார். வாசித்தல், கற்பித்தல், எழுதுதல், பதிப்பித்தல் ஆகிய நான்கும் அவரிடம் தனித்தனித் தொழில்கள் அல்ல. ஒரே பணியின் நான்கு முகங்கள்.

இவற்றுள் கற்பித்தலை நாம் சிறப்பாகக் கருத வேண்டும். நாமக்கல்லில் தம் இல்லத்து மொட்டைமாடியில் ‘கூடு’ என்னும் ஆய்வுச் சந்திப்பினை அவர் நடத்தினார். அவருடைய மாணவர்களும் நண்பர்களும் ஆங்கே கூடிக் கட்டுரை வாசித்தனர், விவாதித்தனர். அவ்வட்டத்தினர் தம் சாதி அனுபவங்களை எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து, 2013இல் ‘சாதியும் நானும்’ என்னும் நூலாக வெளியிட்டார். பேச அஞ்சும் பொருளை எழுதப் பழக்கிய ஆசிரியர் அவர். பின்னாளில் அவரே அஞ்சி மௌனமானார் என்பதை இதனோடு சேர்த்து நினைத்தாலன்றி, ‘கோழை’ என்னும் தலைப்பின் கசப்பு நமக்கு விளங்காது.

2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவல், திருச்செங்கோட்டையும் அதன் கோயில் திருவிழாவையும் இழிவுபடுத்துகிறது என்று 2014 டிசம்பரில் எதிர்ப்பு எழுந்தது. கடையடைப்பும் நூலெரிப்பும் நிகழ்ந்தன. தம் ஊரின் பெயர் புண்பட்டது என்று மெய்யாகவே வருந்தியோரும் அங்கு இருந்திருக்கக் கூடும். அவ்வருத்தத்தை எள்ளி நகையாடுதல் திறனாய்வாளர்க்கு அழகன்று. ஆயினும் வருத்தத்தை வாதமாக முன்வைப்பது வேறு. ஒருவர் வாயை அடைப்பது வேறு. அரசு அலுவலர் முன்னிலையில் நடந்த பேச்சின் முடிவில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரிக் கையொப்பமிட்டார். அதன் பின்னரே மேற்சொன்ன அறிவிப்பு வந்தது. ஊரையும் அவர் விட்டு நீங்க நேர்ந்தது.

தொடக்க மாதங்களில் ஒரு குறிப்பேனும் எழுத இயலவில்லை, எதையும் வாசிக்கவும் முடியவில்லை என்று அவர் பின்னர் கூறினார். முதலில் பறிபோனது எழுத்து மட்டுமன்று, வாசிப்பும் பறிபோயிற்று என்பதை நாம் கவனித்தல் வேண்டும். பின்னர் எழுத்து திரும்பியபொழுது, அது நாவலாக அன்று, கவிதையாகவே திரும்பிற்று. காரணம் எளிது. நாவலுக்கு நீண்ட அமைதியும், நாளை பற்றிய நம்பிக்கையும் வேண்டும். கவிதைக்கு ஒரு துண்டுத் தாள் போதும். வெளியிடும் எண்ணமின்றியும் அது பிறக்கும். இவ்வாறு எழுந்த சுமார் 200 கவிதைகளே இத்தொகுப்பு.

தலைப்புக் கவிதையின் வாதம் நுட்பமானது. கோழையால் உலகுக்கு நேர்ந்த கேடு யாது என்று அது வினவுகிறது. கலகமும் அழிவும் வீரர்களின் கொடைகளே அன்றிக் கோழையினுடையவை அல்ல என்பது அதன் குறிப்பு. புறநானூறு தொட்டு வீரத்தைப் பாடிவரும் தமிழ் மரபில் இக்குரல் புதிது. தம்மை மாவீரராகவோ தியாகியாகவோ காட்டிக்கொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்தது. அவரை அவ்வாறு காண விரும்பியோரும் பலர். அவ்வேடத்தை அவர் ஏற்கவில்லை. இந்நூலின் தலையாய உண்மை அதுவே என்பது நம் துணிபு.

குறையையும் கூறல் கடன். தொகுப்பின் பல கவிதைகள் நாட்குறிப்பின் எல்லையைத் தாண்டவில்லை. ஒரே உணர்வு, ஒரே வாக்கிய அமைப்பில் அடுக்கப்படும் இடங்களில் கவிதை தளர்ந்து அறிக்கையாகிறது. பிறர் எழுத்தை நுணுகிப் பதிப்பித்த கை, தன் எழுத்தில் பாதியை நீக்கியிருப்பின் நூல் வலிமை பெற்றிருக்கும். எனினும் மூச்சுத் திணறியவர் மூச்சுவிடும் ஓசையில் இசையமைதியை மட்டுமே தேடுவது நியாயமாகுமா என்ற ஐயமும் நம்மை விடவில்லை.

திருமறை பயில்வோர்க்கு 39ஆம் சங்கீதம் நினைவுக்கு வரும். பொல்லாதவர் முன் வாய் திறப்பதில்லை என்று உறுதிகொண்ட பாடகன், நலமானதையும் பேசாது அடக்கிக்கொள்ள, உள்ளம் அனல்கொண்டு இறுதியில் நாவு பேசிவிடுகிறது. இதனைச் சொல்வது பெருமாள்முருகனைச் சமயக் கவிஞராக்குவதற்கன்று. அஞ்சியோரின் பாடலும் திருமறையில் இடம்பெற்றுள்ளது என்பதை நாம் மறவாதிருக்கவே இதனைச் சொல்கிறோம். பிரசங்க பீடத்திலிருந்து துணிவை மட்டுமே போற்றிப் பழகிய நமக்கு, அடங்கிய குரலைக் கேட்கும் செவி இன்னும் வாய்க்கவில்லை.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அம்மன்னிப்பு உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்து, அவர் மீண்டும் எழுத வேண்டுமென்றும் கூறிற்று. ஆகஸ்டில் இத்தொகுப்பு புது தில்லியில் வெளியிடப்பட்டது. பின்னர் நாவல்கள் வந்தன. டி. எம். கிருஷ்ணா பாடும் கீர்த்தனைகளையும் அவர் இயற்றினார். ஆத்தூர் அரசு கலைக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். ஆயினும் அவ்வெளியீட்டின்பொழுதே, ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கும் தணிக்கையாளன் ஒருவன் தம்முள் அமர்ந்துவிட்டான் என்று அவர் கூறியதை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. தீர்ப்பு வெளித்தடையை நீக்கலாம். உள்ளே அமர்ந்தவனை எழுப்பி அனுப்ப எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

அதனை ஓரளவேனும் செய்யவல்லவர் வாசகரே. மொட்டைமாடியில் கூடிய அச்சிறு கூட்டம், அஞ்சியதைப் பேச ஒருவருக்கொருவர் துணைநின்றது. நம் சபைகளும் இறையியல் வகுப்பறைகளும் அத்தகைய கூடுகளாக இருக்கின்றனவா? இக்கேள்வியோடு இந்நூலை மூடுவோர், அதனை நன்கு வாசித்தவர் ஆவர்.