லீஜ் அண்ட் லீஃப்: ஒரு பாணியின் உரைகல்

பிரிட்டிஷ் ஃபோக் ராக்கின் பாணிகளையும் தரங்களையும் பற்றி நம் அவையின் மலருக்கு எழுத வேண்டும் என்று அவைப் பெரியவர்கள் பணித்தார்கள். அந்தப் பாணிகளின் வம்சாவளி உறுப்பினர்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே எந்தத் தரத்தை வைத்து மற்றவற்றை அளக்கிறோமோ, அந்த ஒரு தட்டின், ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ‘லீஜ் அண்ட் லீஃப்’ தட்டின், வரலாற்றை நடுவில் வைத்தே எழுதுகிறேன்.

1969 நம் மரபுக்குப் பொன்னான ஆண்டு. பென்டாங்கிள் குழுவின் ‘பாஸ்கெட் ஆஃப் லைட்’ அந்த ஆண்டில்தான் வந்தது. பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன் இருவரின் கிதார்களும் டானி தாம்சனின் பாஸும் ஜாஸின் நெளிவோடு பழம்பாடலைத் தொட்ட பாணி அது. ஷெர்லி காலின்ஸின் ‘ஆன்தெம்ஸ் இன் ஈடன்’ பழங்காலக் கருவிகளைத் துணைக்கு அழைத்த இன்னொரு பாணி. இரண்டுக்கும் நம் அவையில் பற்றுள்ளவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு மரியாதையும் உண்டு. ஆனால் நான் வளர்ந்தது ஃபேர்போர்ட் பாணியில். அதை மறைத்து நடுநிலை பேசுவது நேர்மையாகாது.

எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்த ஐயாவை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. அவரிடம் ஒரு விதி இருந்தது. ஃபேர்போர்ட்டின் ‘மேட்டி க்ரோவ்ஸ்’ கேட்க வேண்டுமானால், முதலில் அதன் மூலமான, சைல்ட் திரட்டிய பழம்பாடல் தொகுப்பின் 81ஆம் பாடலை எல்லாப் பாடாந்தரங்களோடும் வாசித்துவிட்டு வர வேண்டும். வாசிக்காமல் வந்தவர்களுக்கு அவர் தட்டைச் சுழலவிட்டதில்லை. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பாடல் இடம்பெற்ற ‘லீஜ் அண்ட் லீஃப்’ தட்டு உருவானதே அப்படிப்பட்ட கடுமையில்தான்.

1969 மே 12 விடியலில் பர்மிங்ஹாம் நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில், எம்1 நெடுஞ்சாலையில் ஃபேர்போர்ட் குழுவின் வேன் விபத்துக்குள்ளானது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிளும் உடன் வந்த ஜீனி ஃபிராங்க்லினும் இறந்தார்கள். லாம்பிளுக்கு வயது 19. ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’ தட்டு அதற்கு முன்பே பதிவாகிவிட்டது. அதில் ‘எ செய்லர்ஸ் லைஃப்’ என்னும் பழம்பாடல் பதினொரு நிமிடம் நீள்கிறது. விருந்தினராக வந்த டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலின் அதில் குழுவின் பாடகி சாண்டி டென்னியின் குரலோடு சேர்ந்தது. போக வேண்டிய திசையை அந்தப் பதிவு காட்டிவிட்டது. துயரத்திலிருந்து எழுந்தபோது பழைய கச்சேரிப் பட்டியலுக்குத் திரும்பாமல் அந்தத் திசையிலேயே நடந்தார்கள்.

அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயரின் ஃபார்லி சேம்பர்லெய்ன் கிராமத்தில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். ஸ்வார்பிரிக் முழு உறுப்பினரானார். நடனக் குழுக்களில் வாசித்துப் பழகிய டேவ் மாட்டக்ஸ் டிரம்ஸில் உட்கார்ந்தார். பாஸ் கலைஞர் ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனின் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பாடாந்தரங்களைத் தேடினார். நாட்டார் பாடகர்களான மார்ட்டின் கார்த்தியோடும் ஏ. எல். லாய்டோடும் பழகிய ஸ்வார்பிரிக் தன் கைச்சரக்கைக் கொண்டுவந்தார். முதலில் படிப்பு, அடுத்து ஒத்திகை, அதன் பிறகே ஒலிப்பதிவு. இந்த வரிசையை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

செப்டம்பர் 24 அன்று ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் புதிய வடிவில் மேடையேறினார்கள். அக்டோபரின் பிற்பாதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் செல்சியிலுள்ள சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு நடந்தது. முன்பு பால் பண்ணையாக இருந்த கட்டடம் அது. தயாரிப்பு ஜோ பாய்ட், ஒலிப்பொறியாளர் ஜான் வுட். பாடல்கள் கைக்குள் வந்துவிட்டதால் கூடத்தில் தடுமாற்றம் இல்லை. ‘டாம் லின்’ பாடலில் கிதாரும் பாஸும் டிரம்ஸும் ஒரே மூச்சில் வெட்டும் இடங்களைக் கேட்டால் அந்த வீட்டில் நடந்த ஒத்திகை காதில் விழும். ‘ஃபேர்வெல், ஃபேர்வெல்’ பாடலுக்குக் குழுவின் கிதார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சன் சொல் எழுதினார். மெட்டு ‘வில்லி ஓ வின்ஸ்பரி’ என்ற பழம்பாடலுடையது. ‘கிரேசி மேன் மைக்கேல்’ பாடலில் சொல் தாம்சனுடையது, மெட்டு ஸ்வார்பிரிக்கினுடையது. புதிதாக எழுதியது எது, பழையது எது என்று காது பிரிக்க முடியாத அளவுக்கு மரபு அவர்களுக்குள் இறங்கியிருந்தது.

டிசம்பரில் ஐலண்ட் நிறுவனம் தட்டை வெளியிட்டது. அதற்குள் ஹட்சிங்ஸும் டென்னியும் குழுவை விட்டிருந்தார்கள். ஹட்சிங்ஸ் ஸ்டீலை ஸ்பான் குழுவைத் தொடங்கினார். டென்னி ஃபாதரிங்கே குழுவை அமைத்தார். ஒரே தட்டிலிருந்து இப்படிக் கிளைகள் பிரிந்தன. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது தொட்ட உச்சம் 17ஆம் இடம். 2006இல் பிபிசி ரேடியோ 2 ஃபோக் விருதுகளில், எல்லாக் காலத்திலும் அதிகச் செல்வாக்குச் செலுத்திய ஃபோக் தட்டு என்று அதே தட்டு தேர்வானது.

அதன் விரிப்பு உறையின் உட்புறத்தை உறுப்பினர்கள் கண்டிருப்பார்கள். சேகரிப்பாளர்களையும் நாட்டார் சடங்குகளையும் பற்றிய படங்களும் குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. ராக் குழு ஒன்று தன் படத்தைப் பெரிதாகப் போடவேண்டிய இடத்தில், யாரிடமிருந்து பெற்றோம் என்பதைச் சொன்னது.

இன்றைய நிலையைச் சொல்லாமல் முடிக்க மனம் ஒப்பவில்லை. யாரையும் சுட்டவில்லை. இன்று பாடுபவர்களில் நல்ல குரல்காரர்கள் இருக்கிறார்கள், உழைப்பாளிகளும் இருக்கிறார்கள். ஆனாலும் ‘மேட்டி க்ரோவ்ஸ்’ பாடலை ஃபேர்போர்ட்டின் சொந்தப் பாடல் என்று மேடையில் அறிவிப்பதை என் காதால் கேட்டேன். நேரமில்லை என்று கண்ணிகளை வெட்டுகிறார்கள். பாடலின் கடைசியில், தன் மனைவியையும் அவள் காதலனையும் கொன்ற பிரபு இருவரையும் ஒரே குழியில் இடச் சொல்கிறான். ஆனால் மனைவி உயர்குலத்தவள், அவளை மேலே வையுங்கள் என்கிறான். கொன்ற பிறகும் விடாத குலப்பெருமை அந்தக் கண்ணியில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது வெறும் கொலைச் செய்தி. டென்னியின் இழுப்பை அப்படியே நகலெடுக்கிறார்கள். அவர் எதைக் கேட்டு வளர்ந்தார் என்று தேடுவதில்லை. நூலகப் படி ஏறுவதில்லை. சைல்ட் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய 305 பாடல்களில் ஐந்தைக்கூட முழுதாக வாசிக்காமல் மேடையேறுகிறார்கள்.

கேட்பவர்களும் குறைந்தவர்களல்லர். ‘கிரேசி மேன் மைக்கேல்’ முடிந்ததும் மௌனமாக இருக்கவேண்டிய இடத்தில், மறுவெளியீடுகள் விடுபட்ட பதிவுகளை ஒட்டவைக்கின்றன; அவற்றைக் கேட்டுக் கைதட்டுகிறோம். எட்டுத் தடங்களின் வரிசையைக் குலைத்து, நடந்துகொண்டே, பாதியில் நிறுத்திக் கேட்கிறோம். மெட்டு யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. இப்படியே போனால் பாடாந்தரம் அழியும், பாணி அழியும், நல்லது எது என்று சொல்ல ஆளும் இல்லாமல் போகும். வாசிக்காதவனுக்குத் தட்டைப் போடமாட்டேன் என்ற ஐயா இன்று இருந்தால், நம் கூட்டங்களில் எத்தனை பேரை உட்கார விடுவார்?

ஆகவே அவைக்கு ஒரு விண்ணப்பம். இனிக் கேட்கும் கூட்டம் எதுவானாலும், மூலப்பாட்டின் வாசிப்போடு தொடங்கட்டும். துணைக்கருவி இல்லாமல் பாடிய கிராமத்துப் பாடகர் குரல் முதலில் ஒலிக்கட்டும்; மின்கிதார் பிறகு வரட்டும். இளையவர்களுக்கு இதைச் சொல்லும் தகுதியும் கடமையும் நம் பெரியவர்களுக்கு உண்டு. அவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும்.