சீதன வீடும் வாடகை அறையும்

‘மம்மா மியா!’ (2008) படத்தைப் பார்த்தவர்களுக்குப் பாட்டும் கடலும் நினைவிருக்கும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தக் கட்டடம். கலோகைரி என்னும் கற்பனைக் கிரேக்கத் தீவில், குன்றின்மேல் டோனா நடத்தும் விடுதி. எங்கு தொட்டாலும் பழுது, கையில் காசில்லை. கணவன் இல்லாமல் மகளை வளர்த்து, பயணிகளுக்கு அறை விட்டுப் பிழைக்கும் நடுவயதுப் பெண்ணை நாயகியாக்கிய பெரிய வணிகப் படங்கள் மிகக் குறைவு. இயக்கியவர் ஃபிலிடா லாயிட், எழுதியவர் கேத்தரின் ஜான்சன், தயாரிப்பில் ஜூடி கிரேமர். மூவரும் பெண்கள் என்பதாலேயே ஒரு கேள்வியை இப்படத்திடம் உரிமையோடு கேட்கலாம். தீவில் ஒரு குடும்பம் விடுமுறை வீடு நடத்துகிறது என்று சொல்கிறோமே, அந்தக் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் வீடு யாருடையது, வேலை யாருடையது?

‘டான்சிங் குயீன்’ பாடல் காட்சியை எடுத்துக்கொள்வோம். டோனாவும் தோழிகளும் ஆடிக்கொண்டே கடற்கரைக்கு இறங்குகிறார்கள். தீவுப் பெண்கள் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் வருகிறார்கள். விறகு சுமந்து வந்த கிழவி சுமையை எறிந்துவிட்டு ஆடுகிறாள். பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் கால் துடிக்கும் இடம் இது. ஆனால் பாட்டு முடிந்ததும் அவர்களும் முடிந்துபோகிறார்கள். டோனாவுக்குக் கடந்தகாலம் உண்டு, காதல் உண்டு, கோபம் உண்டு. கிழவிக்கு ஒரு சுமை மட்டும் உண்டு. அதை மறுநாள் யார் தூக்கினார்கள் என்று படம் கேட்பதில்லை.

அறை வாடகைக்கு விடுவது என்றால் என்ன? ஒரு விருந்தாளி காலையில் கிளம்பி இன்னொருவர் மாலையில் வருவதற்குள் விரிப்புகளை உருவ வேண்டும், துவைக்க வேண்டும், குளியலறையில் ஒட்டிய மணலைக் கழுவ வேண்டும், காலை உணவு முடிந்த தட்டுகளை எடுக்க வேண்டும். கோடை தொடங்கி அக்டோபர் வரை இதுதான் நாள். சிறு குடும்ப விடுதிகளில் இந்த வேலை பெரும்பாலும் தாய், மகள், மருமகள் கைகளில் இருக்கிறது. கூலிப் பட்டியலில் இவர்கள் வருவதில்லை. ‘குடும்பம்’ என்ற சொல்லே இவர்களுக்கான சம்பளம்.

படத்தின் கிரேக்கக் காட்சிகளில் பெரும்பகுதி ஸ்கோபெலோஸ் தீவிலும், பக்கத்துத் தீவான ஸ்கியாதோஸிலும் எடுக்கப்பட்டது. ஸ்கியாதோஸ், எழுத்தாளர் அலெக்சாந்த்ரோஸ் பாபதியமாந்திஸ் (1851–1911) பிறந்து மறைந்த ஊர். அவருடைய ‘கொலைகாரி’ (1903) குறுநாவல் அங்கேதான் நடக்கிறது. மூலிகை வைத்தியம் தெரிந்த ஃபிராங்கோயானூ என்னும் மூதாட்டி, நோயுற்ற பேத்தியின் தொட்டிலருகே இரவுகளில் விழித்திருக்கிறாள். தன் வாழ்வு முழுதும் பிறருக்குச் செய்த ஊழியமாகவே போயிற்று என்பது அப்போது அவளுக்கு உறைக்கிறது. ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் சீதனம் சேர்த்தாக வேண்டும். பெண் குழந்தைகளை அந்த விதியிலிருந்து விடுவிப்பதாக எண்ணிக்கொண்டு பேத்தியையும், பிறகு வேறு சிறுமிகளையும் கொல்கிறாள். கடைசியில் தப்பி ஓடிக் கடலில் மூழ்கும் நொடியில் அவள் கண்ணில் படுவது, தனக்குச் சீதனமாகத் தரப்பட்ட வறண்ட நிலம். நூறாண்டுக்குப் பிறகு திரைக்கேமரா அழகென்று காட்டிய கரை இந்தக் கரைதான்.

‘வரதட்சணை’ என்ற சொல்லை நான் இங்கே தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஏஜியன் தீவுகள் பலவற்றில் பெண்ணுக்குத் தரப்பட்டது வீடு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவந்தான். மட்டக்களப்பு வாசகிக்கு இதை விளக்கவே வேண்டாம். அவள் ஊரிலும் சீதனம் என்றால் வீடுதான். கார்பதோஸ் தீவில் தாயின் சொத்து மூத்த மகளுக்கே போனது. அவளுக்குக் ‘கனக்காரா’ என்று பெயர். இதைத் தாய்வழிச் சொர்க்கம் என்று கொண்டாடிவிட வேண்டாம். அதே தீவில் இளைய மகள்கள் பலர் மணமாகாமல் அக்காளின் வீட்டில் வேலைக்காரிகளாகக் காலம் கழித்தார்கள். ஆக, சீதன வீடு ஒருத்திக்கு உரிமை, இன்னொருத்திக்குச் சிறை, அதைக் கட்டித்தர முடியாதவளுக்கு ஃபிராங்கோயானூவின் பைத்தியம். சுற்றுலா வந்தபோது வாடகைக்கு விடப்பட்ட அறைகளில் பல, மகள்களுக்கென்று கட்டிய வீடுகளில் இருந்தவையே.

1983இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கிரேக்கத்தின் புதிய குடும்பச் சட்டம், கணவனே குடும்பத் தலைவன் என்ற விதியையும் சீதன முறையையும் நீக்கியது. அதே ஆண்டு லெஸ்போஸ் தீவின் பெத்ரா ஊரில், பெண்கள் சேர்ந்து நாட்டின் முதல் பெண்கள் கிராமச் சுற்றுலாக் கூட்டுறவை அமைத்தார்கள். தங்கள் வீட்டு அறைகளை அதன்மூலம் வாடகைக்கு விட்டார்கள். சேர்ந்து உணவகம் நடத்தினார்கள். விரிப்பு மாற்றியதும் சமைத்ததும் அதே பெண்கள்தாம். ஆனால் வேலைக்கு ஒரு கணக்குப் புத்தகம் வந்தது, அதில் அவர்கள் பெயர் ஏறியது. சட்டம் ஏட்டில் செய்ததற்கு இணையாக இவர்கள் சமையலறையில் ஒன்றைச் செய்தார்கள்.

கிரேக்கத்தில் ‘க்சேனோஸ்’ என்றால் அந்நியர், விருந்தினர், இரண்டும். நம் ‘விருந்து’ என்ற சொல்லுக்கும் புதுமை என்ற பொருள் உண்டு. புதிதாய் வந்தவரைப் போற்றுவதில் இரு மொழிக்கும் பெருமை அதிகம். அடுப்படியில் நிற்பவளைப் பற்றி இரண்டுமே வாய் திறப்பதில்லை. விருந்தோம்பல் பண்பாடு ஆகும்போது அதற்குக் கூலி கேட்பது பண்பற்றதாகிவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகு டோனாவின் விடுதிக்குத் திரும்பினால், படம் தன்னை அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டிருப்பது தெரியும். டோனா பராமரித்த சோஃபியா என்ற மூதாட்டி விட்டுச்சென்ற பணம்தான் அந்த விடுதிக்கு முதல். கிழவியிடமிருந்து டோனாவுக்கு, டோனாவிடமிருந்து மகள் சோஃபிக்கு: ஏஜியன் வீடு போகும் அதே பெண்வழி. பராமரிப்புக்கு விலை கிடைத்த அரிய கதையும்கூட. படமோ இதை ஓரிரு வரி வசனத்தில் கடந்துவிடுகிறது. அது நின்று நிதானித்து ரசிப்பது வேறொன்றை. முன்னாள் காதலன் சாம் ஒரு கட்டடக் கலைஞன். அவன் எப்போதோ ஒரு தாளில் கிறுக்கிய வரைபடம்தான் இந்த விடுதியாம். மகளுக்கென்று ஏற்பாடு செய்த திருமணம் சாமுக்கும் டோனாவுக்குமான திருமணமாக முடிகிறது. சுவரெழுப்பிப் பழுதுபார்த்த பெண்ணின் ஆண்டுகள், ஓர் ஆணின் கோட்டோவியம் நிறைவேறிய கதையாகச் சுருங்கிவிடுகின்றன.

2018இல் வந்த அடுத்த பாகத்தில் டோனா இறந்துவிட்டாள். சோஃபி விடுதியைப் புதுப்பித்துத் திறக்கிறாள். படப்பிடிப்பு நடந்ததோ குரோவேஷியாவின் வீஸ் தீவில். கிரேக்கத் தீவையே மாற்றியும் கதைக்கு ஒரு குறையும் வரவில்லை என்றால், முதல் பாகத்தில் ஆடிய அந்தப் பெண்கள் அங்கே என்னவாக இருந்தார்கள்? பின்னணித் திரையாக. பெத்ராவின் பெண்களை அப்படி மாற்ற முடியாது. வீட்டுக்குச் சொந்தக்காரி, வேலைக்குப் பங்குதாரி என்று அவர்கள் தம்மை எழுதிக்கொண்டார்கள். ‘குடும்பம் நடத்தும் விடுமுறை வீடு’ என்று இனி எந்த விளம்பரத்தைப் படித்தாலும், பத்திரத்தில் யார் பெயர், வாடகை யார் கையில் என்று கேட்டுவிட்டுப் பிறகு கடலைப் பார்ப்போம்.