நள்ளென் யாமம்

'நள்ளிரவு' என்னும் வழக்கில் 'நள்' என்பது இன்று நடு என்ற பொருளையே தந்து நிற்கின்றது. சங்கச் செய்யுட்களில் வரும் 'நள்ளென்' என்னும் அடைக்கோ இப்பொருள் போதாது. உரைகாரர் சிலர் அதனைச் செறிந்த இருளெனக் கொள்வர். அகராதி ஒலிக்குறிப்பு என்னும். ஓசையடங்கிய பொழுதினைக் குறிக்க ஓர் ஒலிக்குறிப்பு வருவதெங்ஙனம் என்பதே ஈண்டு எழும் வினா.

'என' என்னும் இடைச்சொல் இசை, குறிப்பு, பண்பு முதலிய ஆறிடத்தும் வருமெனத் தொல்காப்பியம் கூறும். 'நள்ளென்' இவற்றுள் இசைக்கும் குறிப்புக்கும் இடைப்பட்டு நிற்கின்றது எனலாம். பிற ஓசைகள் யாவும் ஒழிந்தபின் செவியில் எஞ்சுவதொன்றுண்டு. உறங்குவோர் அதனை அறியார். விழித்திருப்போர்க்கே அது கேட்கும்.

குறுந்தொகை 6ஆம் செய்யுள் இதற்குத் தக்க சான்று. பிற இடங்களில் யாமத்துக்கும் கங்குலுக்கும் வாய்பாடாக வந்தமையும் அவ்வடையைப் பதுமனார் இங்கு 'நள்ளென்றன்று' என முற்றுவினையாக்கிச் செய்யுளின் தலையில் வைத்துள்ளார். (இறுதியிலுள்ள 'அன்று' எதிர்மறையன்று; 'நள்ளென்றது' என்பதே பொருள். மாணாக்கர் இடறுமிடம் இது.) மக்கள் சொல் அவிந்து உறங்குகின்றனர், உலகமும் துயில்கின்றது, தலைவி ஒருத்தியே துஞ்சாள். மாந்தர் பேச்சொழிந்த வேளையில் யாமம் 'நள்' என்கின்றது. அதனைக் கேட்க அவளொருத்தியே உளள். 'யாமம் இருள் செறிந்தது' என்று மட்டும் உரைப்பின் வினையின் உயிர்ப்பு போய்விடும். அவ்வுரை பிழையென்பதற்கில்லை, ஆயினும் அச்செய்யுள் கண்ணைக் காட்டிலும் செவியையே சார்ந்து நிற்பது. குறுந்தொகைக்குப் பேராசிரியர் செய்த உரை கிடைத்திருப்பின் இவ்வையம் ஒருகால் தீர்ந்திருக்கும். 1937இல் வெளிவந்த உ. வே. சாமிநாதையர் பதிப்பே இன்றுவரை பலர்க்கும் துணை.

நெடுநல்வாடையின் இறுதியிலும் நக்கீரர் இச்சொல்லை ஆள்கின்றார். அங்கே துயிலாது திரிபவன் வேந்தன். பாசறையில் புண்பட்ட வீரரைக் காணச் செல்கின்றான். அரண்மனையில் அரசியும் துயின்றாளில்லை. அடை பழைய வாய்பாடே. எனினும் அது இருவர் விழிப்புக்கும் பொதுவாக நிற்கின்றது.