சாதித்த மாணவிக்கு விளம்பரம் இல்லை

2020 ஜூலையில் 'ஸ்டாப் ஹேட் ஃபார் ப்ராஃபிட்' என்ற அழைப்பை ஏற்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஃபேஸ்புக்கில் விளம்பரத்தை நிறுத்தின. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நானும் நம்பினேன். காசு நின்றால் வெறுப்பும் நின்றுவிடும் என்பது எஞ்சினியர் மூளைக்குப் பிடித்த கணக்கு. அந்தக் காலாண்டில் ஃபேஸ்புக்கின் வருமானம் சுமார் 2,150 கோடி டாலர். முந்தைய வருடத்தைவிட 22 சதவீதம் அதிகம்! பெரிய கம்பெனிகள் எழுந்து போனாலும், லட்சக்கணக்கான சின்னக் கடைகள் அங்கேயேதான் இருந்தன. அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஆனால் எனக்கு அதிகம் உறுத்துவது இந்தத் தோல்வி அல்ல, விளம்பர உலகம் இதற்கு வைத்திருக்கும் பெயர். 'பிராண்ட் சேஃப்டி'. யாருடைய பாதுகாப்பு என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், ஒளிவுமறைவே கிடையாது. உலக விளம்பரதாரர் கூட்டமைப்பு 2019இல் தொடங்கிய 'கார்ம்' என்ற அமைப்பு இதற்கென்று ஒரு வரையறை ஆவணம் வெளியிட்டது. அதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். வெறுப்புப் பேச்சுக்கு விளம்பரப் பணம் போகவே கூடாது என்கிறது. நல்லது. அதற்கு மேலே ரிஸ்க் அதிகம், நடுத்தரம், குறைவு என்று படிகள். வெறுப்பைப் பற்றிய செய்தியும் அதில் ஒரு படியில் உட்கார வேண்டும். திட்டுகிறவன், அதைச் செய்தியாக்கும் நிருபர், இருவருக்கும் ஒரே அட்டவணையில் இடமுண்டு. திட்டு வாங்கியவருக்குத்தான் கட்டமே இல்லை.

அந்த கார்மும் இப்போது இல்லை. 2023 நவம்பரில் விளம்பரதாரர்களை மேடையிலேயே கெட்ட வார்த்தையில் திட்டினார் எலான் மஸ்க். 2024 ஆகஸ்டில் எக்ஸ் நிறுவனம் வழக்குப் போட, சில நாட்களில் கார்மை மூடிவிட்டார்கள். எனக்கு இதில் சந்தோஷம் எதுவும் இல்லை. ஆவணமாவது சூழலைப் பார் என்று சொன்னது. கோடாக மாறும்போது பெரும்பாலும் மிஞ்சுவது ஒரு சொற்பட்டியல்தான். கொரோனா காலத்தில் அந்த நோயின் பெயரே பட்டியலில் ஏறி, பிரிட்டன் செய்தித் தளங்கள் வாசகர்கள் குவிந்த நேரத்தில் விளம்பரத்தை இழந்தன.

அப்படி ஒரு பட்டியலுக்குத் தமிழ்ச் சொற்கள் சேர்க்கும் வேலையை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். 'சாதி' என்று போட்டேன். இரண்டாம் நாளே பிளஸ் டூவில் சாதித்த மாணவியைப் பற்றிய செய்தியில் விளம்பரம் காணாமல் போனது. சாதித்த, சாதிக்க, சாதிப்பாள், எல்லாவற்றுக்குள்ளும் சாதி இருக்கிறதே! டீமில் சிரித்தோம். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன்.

அடுத்து, சாதி ஆணவக் கொலை பற்றிய ஒரு நீண்ட கட்டுரை மாட்டியது. அதே நாளில் 'ஆண்ட பரம்பரை' என்று அரிவாள் காட்டும் வீடியோக்கள் தாராளமாக விளம்பரத்தோடு ஓடின. அவற்றில் பட்டியலில் உள்ள ஒரு சொல்கூட இல்லை. இதையும் பக் என்று பதிந்தேன். சாயங்காலம் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில், 'எதிர்பார்த்தபடியே வேலை செய்கிறது' என்று இருந்தது.