கொசுவலையை யார் பார்த்தது?

2020 ஜூனில் வந்த அந்தக் காணொளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். சபா, பித்தாஸ் வட்டாரத்துக் கிராமம். வீட்டில் லைன் கிடைக்காததால், பல்கலைக்கழக மாணவி ஒருவர் மரத்தில் ஏறி, இரவும் அங்கேயே தங்கி இணையத் தேர்வு எழுதுகிறார்.

ஒரு சாரார் 'மனமிருந்தால் மார்க்கமுண்டு' என்று கொண்டாடினார்கள். துணையமைச்சர் ஒருவரோ, அப்போது தேர்வே இல்லை என்று மேலவையிலேயே சொன்னார். தேர்வு நடந்ததைப் பல்கலைக்கழகம் உறுதிசெய்தது. அவரும் மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு இரண்டும் ஒரே வாசிப்பாகத்தான் படுகிறது. புகழ்ந்தவர்களும் சந்தேகப்பட்டவரும் அந்தப் பெண்ணைத்தான் எடைபோட்டார்கள். மரம் எப்படித் தேர்வு மண்டபமாச்சு என்ற கேள்வி இரண்டு பக்கமும் காணாமல் போனது.

நம்ம பெருந்தொற்றுக் கதைகளிலும் இதே கோளாறு. கஷ்டப்படும் மாணவன், நகையை அடகு வைக்கும் அம்மா, கடைசியில் பட்டமளிப்பு. பிள்ளை தேறியதும் கதையும் தப்பித்துக்கொள்கிறது. ஒரே கைப்பேசியில் அக்கா தேர்வு எழுத, தம்பி வகுப்பை இழக்கும் அடுக்குமாடி வீட்டை யார் எழுதுவது? கேமராவைத் திறக்கச் சொன்னதும் பின்சுவரை நினைத்துக் கூசும் பிள்ளையை?

அந்த மாணவி மரத்துக்குக் கொசுவலையும் கொண்டுபோயிருந்தார். லைனுக்காக ஓர் இரவையே ஒதுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. நம் எழுத்தாளர்கள் தொடங்க வேண்டிய இடம் அந்த வலைதான்.