சிற்றலையில் வந்த செய்தித் தமிழ்

இலண்டனிலிருந்து 1941ஆம் ஆண்டு ஒலிக்கத் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை, 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு சிற்றலையில் ஓய்ந்தது. ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகள் வரை எட்டிய அவ்வொலியின் சிறப்பு யாது?

அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை ஏறியும் இறங்கியும் வரும். ஒரு சொல் நழுவினும் பொருள் கெடும். ஆதலின் வாக்கியம் சுருங்கிற்று. சொன்னவர் பெயர் முன்னே நின்றது. மறுப்பும் உடன் வந்தது. இரைச்சலே அத்தமிழைச் செதுக்கியது என்பது நம் கணிப்பு. நம் சிற்றூர்ச் செய்திகளுக்கு அதில் இடம் அரிது என்ற குறையையும் மறைப்பதற்கில்லை.

இன்று கைபேசியில் ஒலி தெளிவு. உரைத்தவர் யாரென்பதே தெளிவில்லை. கேட்டதைப் பிறர்க்கு அனுப்புமுன் ‘சொன்னவர் யார்?’ என வினவும் பழக்கத்தை நம் இல்லங்கள் இழக்கலாகாது.