இரண்டு மார்க் மெடஃபர்

பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கு ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் என்பது இரண்டு மார்க் சமாசாரம். ஒரு வரியைக் கொடுப்பார்கள். 'லைக்' வந்தால் ஸிமிலி, வராவிட்டால் மெடஃபர். பெயரை எழுதியாயிற்றென்றால் அந்த வரியோடு நம் உறவு முடிந்தது. அப்படித்தான் நான் தேறினேன். விமர்சனம் என்று பத்து வருஷமாக நான் செய்துவந்ததும் பெரும்பாலும் இதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

பெயர் வைத்தவர்கள் எல்லோரும் இப்படியில்லை. 1589-ல் ஆசிரியர் பெயரில்லாமல் லண்டனில் வெளிவந்த 'தி ஆர்ட் ஆஃப் இங்கிலிஷ் போயஸி'யை ஜார்ஜ் புட்டன்ஹம் எழுதியதாகச் சொல்கிறார்கள். கிரேக்க அணிகளுக்கு அவர் ஆங்கிலத்தில் வீட்டுப் பெயர் வைத்துப் பார்க்கிறார். ஐரனி அவருக்கு உலர்ந்த கேலி. ஹைபர்போலி எல்லை மிஞ்சுகிறவன். உரத்த பொய்யன் என்றும் ஒரு பெயர். மெடானிமி பேரை மாற்றிச் சொல்கிறவன். இவை லேபிள்கள் அல்ல, ஆட்கள். யார் எந்தத் தொனியில் பேசினார்கள் என்று கேட்ட காது வைத்த பெயர்கள். வழக்கில் அவை நிலைக்கவில்லை. பரீட்சைக்குக் கிரேக்கம்தான் வசதி. ஆனால் அதே மனுஷர் இவற்றை 'அலங்காரம்' என்ற பாகத்தில் வைத்து, சீமாட்டிகளின் பட்டுக்கு ஒப்பிடவும் செய்தார். காது ஒன்று சொல்கிறது, கொள்கை வேறொன்று சொல்கிறது. நான் காதை நம்புகிறேன்.

பட்டுப்புடவைக் கொள்கையை எனக்கு உடைத்துக் காட்டியவர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ். 'தி ஃபிலாஸஃபி ஆஃப் ரெடரிக்' (1936) நூலில், மெடஃபர் என்பது சூழல்களுக்கிடையே நடக்கும் கொடுக்கல்வாங்கல் என்கிறார். டெனர், வெஹிகிள் என்ற சொற்களும் அவர் தந்தவைதான். வகுப்பில் அவையும் இரண்டு மார்க்குக்குள் போய்ச் சேர்ந்தன. செத்த மெடஃபர், உயிருள்ள மெடஃபர் என்று பிரிப்பதில் அவருக்குச் சந்தேகம் உண்டு. செத்ததென்று நினைத்தது எழுந்து உட்காரலாம்.

இதை நான் கவுன்டரில் பார்த்தேன். பேங்க் ஆங்கிலம் செத்த மெடஃபர்களின் கிடங்கு: ஃப்ரோஸன், லிக்விட், ஃப்ளோட். இரண்டு வருஷத்துக்கு மேல் வரவுசெலவு இல்லாத கணக்கை டார்மன்ட் என்போம். உறங்குவது என்று அர்த்தம். எங்களில் யாருக்கும் அதில் உறக்கம் கேட்பதில்லை. வயதான ஒரு அம்மாளுக்கு விளக்க வேறு வார்த்தை அகப்படாமல், "உங்க கணக்கு தூங்குது பாட்டி" என்றேன். "எழுப்பி விடு தம்பி. அவரு போனதிலேருந்து நானும் இந்தப் பக்கம் வரலை" என்றாள். நான் கே.ஒய்.ஸி. படிவத்தை நீட்டினேன். நடந்ததற்குப் பெயர் எனக்குத் தெரியும். மெடஃபர். விடை சரி, இரண்டு மார்க் கிடைக்கும். அந்தக் கணக்கோடு சேர்ந்து தூங்கிக்கிடந்தது யார் என்பது அந்தப் பெயருக்குள் இல்லை.

நண்பர் ஒருவரின் தொகுப்பைப் பற்றி முன்பு நான் எழுதியதை இங்கே சொல்லியாகவேண்டும். 'படிமம் இல்லை, வெறும் சாமான் பட்டியல்' என்று முடித்திருந்தேன். செருப்பு, மாத்திரை அட்டை, மூக்குக் கண்ணாடிக் கூடு. ஆளைச் சொல்லாமல் ஆள் பக்கத்தில் இருந்ததை மட்டும் அவர் சொல்லியிருந்தார். மெடஃபர் ஒப்புமையால் இயங்குகிறது, மெடானிமி அண்மையால் இயங்குகிறது என்று ரோமன் யாகப்ஸன் 1956-ல் எழுதினார். முன்னதைப் பற்றியே ஆராய்ச்சி குவிகிறது, பின்னது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்றும் காட்டினார். அந்தக் கட்டுரையை நான் அப்போதே படித்திருந்தேன். நன்னூலில் ஆகுபெயரும் படித்தவன்தான். இருந்தும் செருப்புக்குள் மெடஃபரைத் தேடினேன். அகப்படவில்லை. இல்லை என்று எழுதிவிட்டேன்.

போன வாரம் தொகுப்பை மறுபடி எடுத்தேன். கடைசிக் கவிதையில் அந்தக் கூடு திறந்து கிடக்கிறது. உள்ளே கண்ணாடி இல்லை. மூன்று வாசிப்பிலும் நான் அதைக் கவனிக்கவில்லை.